மெர்த்திரின் இரண்டாவது உறுப்பினர்

ஜேம்ஸ் கெய்ர் ஹார்டி, தெற்கு வேல்ஸின் மெர்த்திர் டிட்ஃபில் தொகுதியிலிருந்து நான்கு பொதுத் தேர்தல்களில் வென்று காமன்ஸ் சபைக்குச் சென்றவர். அந்த நான்கிலும் அவர் பெற்றது இரண்டாம் இடமே. முதலிடம் ஒவ்வொரு முறையும் லிபரல் கட்சிக்காரர் ஒருவருக்குப் போயிற்று. அது இருவரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள் உண்டு. ஒன்றைத் தந்தை காலம் முதல் பழகிய கட்சிக்கு அளித்துவிட்டு, மற்றொன்றைப் புதியதொரு மனிதருக்கு அளித்துப் பார்க்க இந்த ஏற்பாடு இடந்தந்தது. பிரிட்டனின் தொழிற்கட்சிக்கு மூலவர் என்று போற்றப்படும் ஒருவர் பதினைந்து ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் நிலைத்திருந்தது இந்த இரண்டாவது வாக்கினால்தான். ஆகவே அவர் வாழ்க்கையை அந்தத் தொகுதியின் கதையோடு சேர்த்துச் சொல்வதே பொருந்தும். தனியே சொன்னால் ஒரு தியாகியின் வரலாறாக அது சுருங்கிவிடும்.

மெர்த்திர், டாஃப் ஆற்றின் பள்ளத்தாக்கில் இரும்பினால் உண்டான ஊர். கவார்த்வா, டௌலைஸ், பிளிமத், பெனிடாரன் என்னும் நான்கு இரும்பாலைகள் அதை வேல்ஸ் நாட்டிலேயே மிகப் பெரிய ஊராக்கின. உலகில் முதன்முதலாகத் தண்டவாளத்தின்மீது சுமை இழுத்த நீராவி எஞ்சின் 1804இல் ஓடியது பெனிடாரன் ஆலையின் பாதையில்தான். 1831இல் கூலிக் குறைப்பும் கடனும் தாளாமல் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தபோது, படைவீரர்களின் துப்பாக்கிக்குப் பலர் பலியாயினர். டிக் பெண்டெரின் என்று மக்கள் அழைத்த இளம் சுரங்கத் தொழிலாளி கார்டிஃபில் தூக்கிலிடப்பட்டார். கிளர்ச்சியின்போது செங்கொடி ஏந்திச் சென்றார்கள் என்பதை வேல்ஸ் தொழிலாளர் மறந்ததில்லை.

மறு ஆண்டே, 1832இன் சீர்திருத்தச் சட்டம் அவ்வூருக்கு நாடாளுமன்றத்தில் ஓர் இடம் தந்தது. அதில் இருபது ஆண்டுகள் அமர்ந்தவர் டௌலைஸ் ஆலையின் முதலாளி ஜோசையா ஜான் கெஸ்ட். அவருக்குப் பின் வந்த ஹென்றி ஆஸ்டின் புரூஸ், ஆலை முதலாளிகளுக்கு வேண்டியவர். வாக்குரிமை பெற்றிருந்தோர் 1,400 பேர் அளவில்தான். ஊரின் பெரும்பகுதி வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. 1867இல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டபோது வாக்காளர் தொகை ஏறத்தாழப் பத்து மடங்காகப் பெருகி 14,500ஐ ஒட்டியது. உறுப்பினர் எண்ணிக்கையும் இரண்டாயிற்று. அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில் ஊர் தன் மனத்தைக் காட்டியது. சமாதானச் சங்கத்தின் செயலாளரும், ஆங்கிலத் திருச்சபையைச் சாராத கிறித்தவர்களின் குரலுமான ஹென்றி ரிச்சர்ட் 11,683 வாக்குகளுடன் முதலிடம் பெற்றார். இரும்பாலை அதிபர் ரிச்சர்ட் ஃபாதர்கில் 7,439 வாக்குகளுடன் இரண்டாமவரானார். புரூஸுக்குக் கிடைத்தவை 5,776 மட்டுமே. சுரங்கங்களில் இரட்டை முறை வேலையைப் புகுத்தும் பிரச்சினையில் அவர் தொழிலாளரின் வெறுப்பைத் தேடிக்கொண்டிருந்தார். தோற்ற புரூஸ் வேறொரு தொகுதி வழியாகச் சபைக்குள் வந்து கிளாட்ஸ்டனின் அமைச்சரவையில் உள்துறையை ஏற்றார். தோல்வியால் அவருக்கு நேர்ந்த நஷ்டம் அவ்வளவே.

ஹென்றி ரிச்சர்ட் 1888இல் இறக்கும்வரை இருபது ஆண்டுகள் அத்தொகுதியின் உறுப்பினராக இருந்தார். நாடுகளின் பூசலைப் போரினால் அன்றி நடுவர் தீர்ப்பினால் தீர்க்கவேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவர் அவர். சிற்றாலயங்களில் ஞாயிறுதோறும் கூடிய சுரங்கத் தொழிலாளருக்கு அவர் பேச்சு வேதத்தின் நீட்சியாகவே ஒலித்தது. இந்தப் பின்னணியை நினைவில் கொள்ளாவிடில், 1900இல் போர்வெறி மிகுந்திருந்த நேரத்தில் போரை எதிர்த்த அயலான் ஒருவன் அங்கே எப்படி வென்றான் என்பது விளங்காது.

அந்த அயலான் பிறந்தது ஸ்காட்லாந்தின் லானர்க்ஷயரில், 1856ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள். தாய் மேரி கெய்ர் ஒரு பண்ணையில் வேலைக்காரி, மணமாகாதவள். பின்னர் அவள் மணந்த டேவிட் ஹார்டி கப்பல் தச்சர். பையன் முறையான பள்ளிக்கூடம் கண்டதில்லை. எட்டு வயதுக்குள்ளாகவே வேலைக்கு அனுப்பப்பட்டான். படிக்கக் கற்றுத்தந்தவள் தாய். எழுதப் பழகியது பின்னால்தான்.

கிளாஸ்கோவில் ரொட்டிக்கடை ஒன்றில் ஏவலாளாக இருந்தபோது நடந்த நிகழ்ச்சியை அவர் கடைசிவரை மறக்கவில்லை. தந்தைக்கு வேலையில்லை. தம்பி காய்ச்சலில் கிடந்தான். தாய் நிறைமாதம். குடும்பத்தின் ஒரே சம்பாத்தியம் பத்து வயதுப் பையனுடையது. இரவெல்லாம் தம்பியருகே விழித்திருந்தவன் இரண்டு நாள் காலையில் தாமதமாகச் சென்றான். முதலாளி வீட்டார் காலை உணவு மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தனர். அந்த அறையின் வாசலிலேயே அவனுக்கு வேலை போயிற்று, வர வேண்டிய கூலியும் போயிற்று. அந்த முதலாளி ஊரறிந்த பக்திமான். பிற்காலத்தில் ஹார்டி மதத்தை விட்டுவிடவில்லை; இளமையிலேயே ஒரு சுவிசேஷ சபையில் சேர்ந்து பிரசங்கமும் செய்தார். ஆனால் செல்வரின் பக்தி என்றால் அவருடைய பேனா முனை கூர்மையாகிவிடும். அதற்கு வித்து இந்தக் காலை.

பத்து வயதில் சுரங்கத்தில் இறங்கினார். காற்றோட்டத்துக்காக வைத்திருக்கும் கதவை நிலக்கரி வண்டி வரும்போது திறந்து, போனபின் மூடுவது சிறுவர்க்குரிய வேலை. நாளெல்லாம் இருட்டில் தனியே உட்கார்ந்திருக்க வேண்டும். வளர்ந்தபின் கரி வெட்டினார். புகையேறிய கல்லில் ஊசியால் கீறிச் சுருக்கெழுத்துப் பழகியதும் அந்த இருட்டில்தான். மது ஒழிப்பு இயக்கத்தில் மேடைப் பேச்சு கைவந்தது. தொழிலாளரின் குறைகளைப் பேசத் தொடங்கியதும் சுரங்க முதலாளிகள் அவர் பெயரை விலக்குப் பட்டியலில் சேர்த்தனர். 1879இல் லில்லி வில்சனை மணந்து, மறு ஆண்டு ஏர்ஷயரின் கம்னாக் என்ற சிற்றூரில் குடியேறினார். உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதிப் பிழைத்துக்கொண்டே 1886இல் ஏர்ஷயர்ச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டி எழுப்பினார். லில்லி கம்னாக்கை விட்டு அசையவில்லை. கணவர் ஊர் ஊராக அலைந்த முப்பத்தைந்து ஆண்டுகளும் சொற்பப் பணத்தில் குடும்பத்தை நடத்தியவர் அவரே. வரலாறு அவருக்கு உரிய பக்கங்களைத் தரவில்லை.

அதுவரை தொழிலாளர் சார்பில் சபைக்குச் சென்ற சிலர் லிபரல் கட்சியின் நிழலில் சென்றவர்கள். ஹார்டியும் அவ்வழியே போக விரும்பியவர்தாம். 1888இல் மிட் லானர்க் இடைத்தேர்தலில் லிபரல் சங்கம் அவரை ஒதுக்கி வழக்கறிஞர் ஒருவரை நிறுத்தியது. தனித்து நின்ற ஹார்டிக்கு 617 வாக்குகள் விழுந்தன, கடைசி இடம். தொழிலாளருக்குத் தனிக்கட்சி வேண்டும் என்ற எண்ணம் அங்கே உறுதிப்பட்டது. 1892இல் லண்டனின் கிழக்கோரத்திலுள்ள வெஸ்ட் ஹாம் தெற்கில் 5,268 வாக்குகள் பெற்று வென்றார். பட்டுத் தொப்பியும் கறுப்பு அங்கியும் அணிந்து வருவதே மரபாயிருந்த சபைக்குள் அவர் தொழிலாளியின் உடையில் துணித் தொப்பியோடு நுழைந்ததைப் பத்திரிகைகள் பெரிய அவமானமாகச் சித்திரித்தன. வேலையில்லாதோரின் உறுப்பினர் என்ற பட்டம் அக்காலத்தில் வந்தது. 1893 ஜனவரியில் பிராட்ஃபோர்டில் கூடிய மாநாட்டில் சுயேச்சைத் தொழிற்கட்சி பிறந்தது. அதன் முதல் தலைவரும் அவரே.

வேல்ஸ் மக்களின் காதில் அவர் பெயர் அழுத்தமாக விழுந்தது 1894 ஜூன் மாதத்தில். அம்மாதம் 23ஆம் நாள் பாண்டிப்ரித் அருகே கில்வினித் ஊரில் ஆல்பியன் சுரங்கம் வெடித்து 290 ஆண்களும் சிறுவர்களும் மாண்டனர். அதே நாளில் அரச குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு வாழ்த்துத் தெரிவிக்கச் சபையில் தீர்மானம் வந்தது; அதே வாரத்தில் கொலையுண்ட பிரெஞ்சு ஜனாதிபதிக்கு இரங்கலும் வந்தது. மாண்ட தொழிலாளரின் குடும்பங்களுக்கும் சபை முறைப்படி அனுதாபம் தெரிவிக்க வேண்டும் என்று ஹார்டி கேட்டார், கிடைக்கவில்லை. 28ஆம் நாள் வாழ்த்துத் தீர்மானத்தை எதிர்த்து அவர் ஒருவர் மட்டும் எழுந்து பேசினார். முகத்துதியாளர் நடுவே வளரப்போகும் இக்குழந்தை உலகப் பயணம் அனுப்பப்பட்டுத் தகுதிக்குப் பொருந்தாத் திருமணத்தில் சிக்கும், செலவை நாடு சுமக்கும் என்ற பொருள்படப் பேசினார். சபை கூச்சலிட்டது. அந்தக் குழந்தையே 1936இல் திருமணத்துக்காக முடிதுறந்த எட்டாம் எட்வர்ட் என்பதால் இப்பேச்சை ஒரு தீர்க்கதரிசனமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அன்று அதைக் கேட்ட வேல்ஸ் குடும்பங்களுக்குத் தீர்க்கதரிசனம் ஒரு பொருட்டன்று. தங்கள் இழவைப் பற்றி அந்த மண்டபத்தில் ஒருவன் பேசினான் என்பதே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது.

1895இல் வெஸ்ட் ஹாம் அவரைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு பிராட்ஃபோர்ட் கிழக்கு இடைத்தேர்தலிலும் தோற்றார். இருக்க ஓர் இடமின்றி இருந்த அந்த நாட்களில் தெற்கு வேல்ஸில் பெரும் கதவடைப்பு நிகழ்ந்தது. கரியின் விலையோடு கூலியும் ஏறி இறங்கும் முறையை எதிர்த்து 1898 ஏப்ரலில் தொடங்கிய போராட்டம் செப்டம்பர் வரை நீண்டது. தொழிலாளர் தோற்றனர். ஹார்டி பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகச் சென்று பட்டினியை நேரில் கண்டு தம் ஏட்டில் எழுதினார். திறந்த வெளிக் கூட்டங்களில் பேசினார். கட்சிக் கிளைகள் முளைத்தன. தோல்வியிலிருந்து அவ்வாண்டு அக்டோபரில் தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பு எழுந்தது. மெர்த்திரிலும் பக்கத்துக் கைனன் பள்ளத்தாக்கிலுள்ள அபர்டேரிலும் அவரை அறியாத வீடு இல்லை என்னும் நிலை வந்தது. வெற்றி விழாக்களில் வந்து பேசிய தலைவர்கள் பலர் உண்டு. தோற்றுக்கொண்டிருந்த மாதங்களில் வந்து தங்கியவர் என்பதால் ஊரார் இவரை நினைவில் வைத்திருந்தனர்.

1900 பிப்ரவரியில் தொழிற்சங்கங்களும் சோஷலிச அமைப்புகளும் கூடித் தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழுவை அமைத்தன. பின்னாளில் தொழிற்கட்சி எனப் பெயர் மாறியது இதுவே. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில், தென்னாப்பிரிக்கப் போரின் வெற்றிக் களிப்பு அடங்குமுன், அரசு தேர்தலை அறிவித்தது. போயர் போரை வெளிப்படையாக எதிர்த்த ஹார்டி பிரெஸ்டன், மெர்த்திர் என்னும் இரு தொகுதிகளில் நின்றார். உழைப்பையெல்லாம் பிரெஸ்டனில் கொட்டினார், அங்கே தோற்றார். அந்தத் தோல்வியோடு ரயிலேறி மெர்த்திர் வந்து சேர்ந்தபோது வாக்குப்பதிவுக்கு ஒரு நாள்கூட மீதமில்லை. தொண்டர்கள் அவர் இல்லாமலேயே தேர்தலை நடத்தியிருந்தனர்.

மெர்த்திரின் இரு உறுப்பினர்களும் லிபரல் கட்சியினர், ஒருவரையொருவர் வெறுத்தனர். ஒருவர் நிலக்கரி அதிபர் டி. ஏ. தாமஸ், போரில் ஆர்வமில்லாதவர். மற்றவர் வேல்ஸில் தங்கச் சுரங்கம் தோண்டிப் பெயர்பெற்ற பிரிட்சர்ட் மார்கன், போரை ஆதரித்தவர். தாமஸின் ஆதரவாளர்கள் இரண்டாம் வாக்கை மார்கனுக்குத் தர விரும்பவில்லை; தாமஸும் அதைத் தடுக்க முயலவில்லை. முடிவு வந்தபோது தாமஸுக்கு 8,598, ஹார்டிக்கு 5,745, மார்கனுக்கு 4,004. ஹார்டி பெற்ற வாக்குகளைப் பிரித்துப் பார்த்தால் கதை தெளிவாகும். அவருக்கு மட்டும் ஒற்றை வாக்கிட்டவர் 867 பேர். தாமஸோடு சேர்த்து அவருக்கும் இட்டவர் 4,437 பேர். மார்கனோடு சேர்த்து இட்டவர் 441 பேர். ஒருவரையே தேர்ந்தெடுக்கும் தொகுதியாக அது இருந்திருந்தால் அவர் வென்றிருக்க வழியே இல்லை.

நாடு முழுதும் அக்குழுவின் சார்பில் வென்றவர் இருவரே: மெர்த்திரில் ஹார்டி, டர்பியில் ரயில்வே சங்கத்தின் ரிச்சர்ட் பெல். டர்பியும் இரட்டை உறுப்பினர் தொகுதியே. தொழிற்கட்சியின் வரலாற்றை எழுதுவோர் கொள்கைகளையும் மாநாடுகளையும் விரிவாகப் பேசுகின்றனர்; இந்தப் பழைய வாக்குமுறை அளித்த இடுக்கு வழியை ஓர் அடிக்குறிப்பில் முடித்துவிடுகின்றனர். அடுத்த தேர்தலுக்குமுன் 1903இல் லிபரல் கட்சியோடு ரகசிய உடன்பாடு செய்துகொண்ட ராம்ஸே மெக்டொனால்டுக்கு அந்த வழியின் அருமை நன்றாகத் தெரிந்திருந்தது.

பெல் விரைவிலேயே லிபரல்களின் பக்கம் சாய்ந்தார். ஏறக்குறைய தனியாளாகவே ஹார்டி சபையில் இருந்தார். அப்போது உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. 1911இல்தான் அரசு ஆண்டுக்கு 400 பவுன் தரத் தொடங்கியது. லண்டனில் நெவில்ஸ் கோர்ட் என்ற பழைய சந்தில் ஓர் இடிந்த வீட்டில் தாமே சமைத்துக்கொண்டு வாழ்ந்தார். தொகுதிக்கு வரும்போது தொழிலாளர் வீடுகளில் தங்கினார். வேல்ஸ் மொழி அவருக்குச் சரளமாக வராவிட்டாலும் அவர்களுடைய நாட்டுப்பாடலைக் கற்றுக்கொண்டு அவர்களோடு சேர்ந்து பாடினார். வேல்ஸின் தன்னாட்சிக் கோரிக்கையையும் சோஷலிசத்தையும் இணைத்து 1912இல் ஒரு சிறு நூலும் எழுதினார். அதன் தலைப்பிலேயே வேல்ஸின் சிவப்பு நாகமும் செங்கொடியும் கைகோத்தன. லிபரல் சிற்றாலயங்களை எதிர்க்காமலே அவற்றின் பெஞ்சுகளிலிருந்து ஆட்களைத் தம் பக்கம் இழுத்தது அவருடைய சாமர்த்தியம். சமாதானம், மது ஒழிப்பு, திருச்சபைக்கு அரசுரிமை கூடாது என்னும் கொள்கை ஆகிய மூன்றிலும் அவர்கள் பேசியதையே அவரும் பேசினார். கூலியும் நிலமும் பற்றி அவர்கள் பேசாததைக் கூடுதலாகப் பேசினார்.

1906இல் தாமஸ் 13,971, ஹார்டி 10,187. கடைசி நேரத்தில் களமிறங்கிய கார்டிஃப் கப்பல் அதிபர் ஹென்றி ராட்கிளிஃப் 7,776. அத்தேர்தலில் அக்குழுவின் சார்பில் 29 பேர் வென்றனர். அவர்கள் தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது ஹார்டி ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தலைமை அவருக்கு ஒத்துவரவில்லை. குழுவை நடத்தும் பொறுமை இல்லாதவர். தாம் சரியென்று நினைத்ததை யாரைக் கேட்காமலும் சொல்லிவிடுபவர். பெண்களின் வாக்குரிமைக்காகக் கட்சியையே துறக்கவும் அவர் சித்தமாயிருந்தது சகாக்களுக்கு எரிச்சலூட்டியது. உடல்நலமும் கெட்டது. 1907இல் உலகப் பயணம் புறப்பட்டார். மறு ஆண்டு தலைமை வேறொருவருக்குச் சென்றது.

அந்தப் பயணத்தில் இந்தியாவுக்கும் வந்தார். வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் கொந்தளித்த நேரம் அது. பாரிசால் வரை சென்று மக்களைச் சந்தித்தார். கனடாவுக்கு அளித்தது போன்ற தன்னாட்சியை இந்தியாவுக்கும் அளிக்கவேண்டும் என்ற அவர் கருத்து, தந்திச் செய்திகளில் கலகத் தூண்டுதலாகத் திரிந்து லண்டனில் புயலைக் கிளப்பியது. 1909இல் இந்தியாவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தென்னாப்பிரிக்காவில் கறுப்பினத் தொழிலாளரையும் சமமாக நடத்தவேண்டும் என்றதற்காக அவருடைய கூட்டங்கள் கலவரத்தில் முடிந்தன. மெர்த்திர் வாக்காளர் இவற்றையெல்லாம் எப்படி எடுத்துக்கொண்டனர் என்பதற்கு அடுத்த தேர்தல் சான்று. 1910 ஜனவரியில் அவர் வாக்குகள் 13,841 ஆக உயர்ந்தன. தாமஸ் கார்டிஃபுக்குப் போய்விட்டதால் புதிய லிபரல் எட்கர் ஜோன்ஸ் 15,448 பெற்று முதலிடம் வந்தார். கன்சர்வேடிவ் வேட்பாளர் ஏ. சி. ஃபாக்ஸ்-டேவிஸ் 4,756 பெற்றார். உயர்குடிகளின் வமிசச் சின்னங்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய அறிஞர் அவர். தந்தை பெயர் தெரியாத சுரங்கத் தொழிலாளிக்கு எதிராக அப்படியொருவரை நிறுத்த அக்கட்சிக்கு எப்படித் தோன்றியதோ! பழைய மார்கன் 3,639 வாக்குகளோடு கடைசியில் நின்றார். அதே ஆண்டு டிசம்பரிலும் வரிசை மாறவில்லை: ஜோன்ஸ் 12,258, ஹார்டி 11,507, மூன்றாமவருக்கு 5,277.

இரு தேர்தல்களுக்கும் இடைப்பட்ட அந்த இலையுதிர் காலத்தில் பள்ளத்தாக்குகளில் தீ மூண்டது. டோனிபாண்டியில் போராடிய தொழிலாளரின் எதிரில் நின்ற கேம்ப்ரியன் நிறுவனத்தின் அதிபர் டி. ஏ. தாமஸ், பத்தாண்டுகளுக்குமுன் யாருடைய வாக்காளரின் இரண்டாம் வாக்கால் ஹார்டி சபைக்குள் வந்தாரோ அவரே. அபர்டேர்ப் பகுதியிலும் வேலைநிறுத்தம் நடந்தது. போலீசாரின் தடியடியையும் படையை அனுப்பியதையும் சபையில் ஹார்டி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்நாட்களில் அபர்டேர்ச் சுரங்கத் தொழிலாளரின் முகவராக இருந்து தீப்பறக்கப் பேசியவர் சார்லஸ் பட் ஸ்டான்டன். ஹார்டியே மிதவாதி என்று தோன்றச் செய்யும் தீவிரம் அவருடையது. நான்கு ஆண்டுகளில் நடக்கப்போவதை அன்று யாரும் ஊகித்திருக்க முடியாது.

ஐரோப்பியத் தொழிலாளர் அனைவரும் ஒரே நாளில் கருவிகளைக் கீழே வைத்தால் எந்த அரசாலும் போர் நடத்த முடியாது என்பது ஹார்டியின் நம்பிக்கை. 1910இல் கோபன்ஹேகனில் கூடிய சர்வதேச மாநாட்டில் பிரெஞ்சுத் தோழர் வையானுடன் சேர்ந்து இதைத் தீர்மானமாக முன்வைத்தார். மாநாடு அதைப் பின்னொரு நாளுக்கு ஒத்திப்போட்டது. அந்த நாள் வரவேயில்லை. 1914 ஆகஸ்ட் 4ஆம் நாள் பிரிட்டன் போரில் இறங்கியது. இரண்டே நாள் கழித்து அபர்டேரில் ஹார்டி பேச ஏற்பாடாகியிருந்தது. மண்டபம் நிரம்பியிருந்தது. அவர் வாய் திறந்ததும் தேசபக்திப் பாட்டுகளும் ஊளைகளும் எழுந்தன. எதிர்ப்பை முன்னின்று நடத்தியவர் ஸ்டான்டன். பதினான்கு ஆண்டுகள் தம்மைத் தேர்ந்தெடுத்து வந்த ஊரில் ஹார்டியால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. தெருவிலும் கூட்டம் நெருக்கித் துரத்தியது. நிமிர்ந்து நடந்தே வெளியேறினார் என்று உடனிருந்தோர் பதிவு செய்தனர். அன்றிரவு தமக்கு நேர்ந்ததைக் கெத்சமனேயில் ஏசு பட்ட வேதனையோடு ஒப்பிட்டுப் பின்னர் நண்பர்களிடம் சொன்னார்.

தொகுதி முழுதும் அவரைத் துரத்தியது என்று சொல்வதும் சரியன்று. அக்டோபரில் மெர்த்திரில் நடந்த கூட்டத்தில் மக்கள் அவர் பேச்சை அமைதியாகக் கேட்டனர். ஆனால் அபர்டேர் இரவுக்குப்பின் அவர் பழைய மனிதராக இல்லை. 1915 தொடக்கத்தில் வாத நோய் தாக்கியது. கை எழுத வராமற்போயிற்று. செப்டம்பர் 26ஆம் நாள் கிளாஸ்கோவில் நிமோனியாவால் இறந்தார். வயது 59. உடல் அந்நகரிலேயே தகனம் செய்யப்பட்டது. காமன்ஸ் சபை தன் உறுப்பினருக்கு இரங்கல் உரை எதுவும் நிகழ்த்தவில்லை. ஆல்பியன் சுரங்கத்தில் மாண்டோருக்கு அவர் கேட்டதும் கிடைக்காததும் இதுவே.

காலியான இடத்துக்கு நவம்பர் 25ஆம் நாள் இடைத்தேர்தல் நடந்தது. போர்க்காலத்தில் கட்சிகள் ஒன்றையொன்று எதிர்ப்பதில்லை என்று உடன்பாடு இருந்ததால், தொழிற்கட்சியின் வேட்பாளரான சுரங்கச் சங்கத் தலைவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் வின்ஸ்டன் போட்டியின்றி வந்துவிடுவார் என்றே நினைத்தனர். ஸ்டான்டன் தம் முகவர் பதவியைத் துறந்து, போரை முழு மூச்சாக ஆதரிக்கும் வேட்பாளராக எதிர்த்து நின்றார். வின்ஸ்டன் போரை எதிர்த்தவரல்லர். ஆயினும் ஹார்டியின் கட்சிக்காரர் என்பதும், மெக்டொனால்டு வந்து அவருக்காகப் பேசியதும் போதுமாயிருந்தன. ஸ்டான்டனுக்கு 10,286, வின்ஸ்டனுக்கு 6,080. ஒரே இடத்துக்கு நடந்த தேர்தல் ஆகையால் இம்முறை ஒவ்வொருவருக்கும் ஒரே வாக்கு. இருபுறமும் நல்லவராக இருக்க வாக்காளருக்கு வசதியில்லை. லிபரல், கன்சர்வேடிவ் வாக்குகள் எல்லாம் ஒரே பக்கம் போய்க் குவிந்தன.

அம்மக்களைப் போர்வெறியர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் தெற்கு வேல்ஸின் இரண்டு லட்சம் சுரங்கத் தொழிலாளர், போர்க்காலச் சட்டம் வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்கியிருந்தும் அதை மீறி வேலையை நிறுத்தினர். கடற்படைக்கு வேல்ஸ் கரி இன்றியமையாதது; லாயிட் ஜார்ஜ் கார்டிஃபுக்கு விரைந்து வந்து அவர்கள் கேட்டதைப் பெரும்பாலும் கொடுத்தார். முதலாளியிடம் பணியாதவர்களே நான்கு மாதம் கழித்து ஸ்டான்டனுக்கு வாக்களித்தனர். கூலிக்காகப் போராடுவதும் போர்முனையிலிருந்த மகனின் பக்கம் நிற்பதும் அவர்களுக்கு முரணாகத் தோன்றவில்லை. ஹார்டிக்கு அவை இரண்டும் ஒன்றாகவே இருக்க முடியாதவை. ஹென்றி ரிச்சர்ட் விட்டுச்சென்ற சமாதானப் பற்று, தொலைவில் நடந்த போயர் போரைத் தாங்கியது. தெருவுக்குத் தெரு பிள்ளைகளை வாங்கிக்கொண்ட போரைத் தாங்கவில்லை.

1918இல் தொகுதிகள் மாற்றியமைக்கப்பட்டபோது இரட்டை உறுப்பினர் மெர்த்திர் மறைந்தது. மெர்த்திர், அபர்டேர் என இரண்டாயிற்று. பெண்களுக்கு முதன்முதலாக வாக்குரிமை கிடைத்ததும் அவ்வாண்டிலேதான். அதற்காகக் கட்சியோடு முரண்பட்ட ஹார்டியின் தொகுதியில், அது இருந்த 86 ஆண்டுகளில், பொதுத் தேர்தலில் வாக்களித்த பெண் எவரும் இல்லை. அவ்வாண்டுத் தேர்தலில் அபர்டேரில் ஸ்டான்டன் வென்றார்; எதிர்த்து நின்றவர் போரை எதிர்த்த போதகரும் கவிஞருமான டி. ஈ. நிக்கலஸ். மெர்த்திரில் எட்கர் ஜோன்ஸ் வின்ஸ்டனைத் தோற்கடித்தார். ஆனால் 1922இல் இரண்டும் ஒருசேரத் தொழிற்கட்சியிடம் வந்தன. அபர்டேரில் ஸ்டான்டனை வீழ்த்தியவர் ஜார்ஜ் ஹால். மெர்த்திரில் வென்ற ஆர். சி. வால்ஹெட், உலகப் போரை எதிர்த்துப் பேசியதற்காகச் சிறைசென்றவர். ஹார்டியின் சுயேச்சைத் தொழிற்கட்சிக்காரர்.

ஊளையிட்ட அதே ஊர்கள், ஹார்டி கேட்டதற்கு ஏழே ஆண்டுகளில் இணங்கின. அதன்பின் அங்கே லிபரல் கட்சி தலையெடுக்கவில்லை. 1970இல், எண்பதைக் கடந்த எஸ். ஓ. டேவிஸை முதுமையைக் காட்டித் தொழிற்கட்சி ஒதுக்கியபோது, மெர்த்திர் வாக்காளர் கட்சியின் வேட்பாளரைத் தோற்கடித்து அவரையே சுயேச்சையாக அனுப்பினர். 1983இல் அவ்விரு தொகுதிகளும் பெயரும் எல்லையும் மாறின. 2012இல் மெர்த்திரில் திறந்த பெரிய சுகாதார நிலையத்துக்குக் கெய்ர் ஹார்டியின் பெயரையே வைத்தனர். 2024ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலுக்காக எல்லைகள் திருத்தப்பட்டபோது மெர்த்திரும் அபர்டேரும் 106 ஆண்டுகளுக்குப் பின் மறுபடி ஒரே தொகுதியில் சேர்ந்தன. உறுப்பினர் இம்முறை ஒருவரே.